மூன்றாவது சிடி

அம்மாவுக்கென்று ஒரு படம் இருக்கிறது. அறுபதுகளில் வந்த கருப்பு வெள்ளைப் படம். கல்யாணமான புதிதில், அது பழைய படமாகி டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது, அப்பாவோடு மணல் தரையில் உட்கார்ந்து பார்த்ததாம். 2021 ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது அந்தப் படத்தை இணையக் கடை ஒன்றில் கண்டுபிடித்தேன். வாடகை 50 ரூபாய், விலை 150 ரூபாய். வாடகைக்கு எடுத்தால் இரண்டு நாளில் போய்விடும், அம்மா திரும்பத் திரும்பக் கேட்பார் என்று ‘வாங்கு’ பொத்தானையே அழுத்தினேன். மின்னஞ்சலில் ரசீது வந்தது. அம்மா ஏழெட்டு தடவை பார்த்திருப்பார்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். டிவியைப் போட்டால் அந்தப் படத்தின் போஸ்டர் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. அழுத்தினால், ‘இது தற்போது உங்கள் பகுதியில் கிடைக்கவில்லை’. கடையின் உதவி அரட்டையில் முக்கால் மணி நேரம் செலவழித்தேன். படத்தின் உரிமை வைத்திருப்பவரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். நல்ல மனசோடு 150 ரூபாயை என் கணக்கில் வரவு வைத்தார்கள், அதே கடையில் வேறு படம் வாங்கிக்கொள்ளலாமாம்.

அம்மாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்போ நீ வாங்கலைடா. வாடகைக்குத்தான் எடுத்திருக்கே. எப்போ திருப்பிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லாம விட்டுட்டாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா பெட்டியில இருக்கும் பாரு” என்றார்.

அந்தப் பெட்டி பரண்மேல் இருந்தது. பச்சை பெயின்ட் அடித்த இரும்பு டிரங்குப் பெட்டி. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, அதற்கு முன்பே ஏழெட்டு வருஷமாக யாரும் திறந்திருக்க மாட்டோம். இறக்கித் திறந்தால் பூச்சி உருண்டை வாசனையோடு விசிடி, டிவிடி. எண்ணினேன்: விசிடியில் 58 படம், டிவிடியில் 46. ஒவ்வொரு உறையின் பின்பக்கமும் அப்பா பால்பாயின்ட் பேனாவில் வாங்கிய தேதி, விலை, ஊர் மூன்றையும் எழுதியிருந்தார். கூட்டுறவு வங்கி எழுத்தர் புத்தி. 2007-க்கு முந்தைய உறைகளில் விலை மூன்று இலக்கம், அதற்குப் பிறகு சட்டென்று 28, 34. அந்த வருஷம்தான் மோசர் பேர் என்ற நிறுவனத்தார் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து மளிகைக் கடை வரைக்கும் தொங்கவிட்டார்கள். அப்பாவின் சேகரிப்பில் முக்கால்வாசி அந்தக் காலத்தில் சேர்ந்தது. அதற்கு முன்னால் திருட்டு விசிடி மலிவாகக் கிடைத்தும் அவர் தொட்டதில்லை. 2004-ல் தமிழக அரசு வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, அதைச் சொல்லியே தெருவில் பாதிப் பேரைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் படமும் இருந்தது. மூன்று விசிடி, ஒரே உறையில்.

ஒரு படத்துக்கு மட்டும் என்று தொடங்கிய வேலை 104 படத்துக்கும் என்று ஆகி, மார்கழி முடியும்வரை இழுத்தது. இதே மாதிரி பெட்டி பரணில் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் சிக்கல், சிடியைப் போட இடம் இல்லை. என் மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பியில் செருகும் ஒல்லியான டிவிடி டிரைவ் ஒன்றை 1,350 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். புது சிடியை நன்றாகப் படித்தது. அப்பாவின் சிடியைப் போட்டதும் சுற்றத் தொடங்கி, ‘டிக் டிக்’ என்று நின்று, மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்ததுதான் பாதிக் காரணம், மின்சாரம் போதவில்லை. நேராக மடிக்கணினியில் செருகியதும் கொஞ்சம் தேறியது.

மீதிப் பாதிக்கு மருந்து பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. யாரோ தூக்கிப் போட்ட மேசைக் கணினிக்குள் இருந்த கனமான டிவிடி ரைட்டர், 200 ரூபாய். அதை யுஎஸ்பியாக மாற்ற ஒரு சாட்டா கேபிள் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஹார்டு டிஸ்குக்கு விற்கும் சாதாரண கேபிள் போதாது. பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் தேவை, ஆகவே தனி அடாப்டரோடு வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் தப்பானதை வாங்கி 350 ரூபாயைத் தொலைத்தேன். இந்தக் கிழட்டு டிரைவ் கீறல் விழுந்த சிடிகளை அந்தப் புதுப் பையனைவிட எவ்வளவோ பொறுமையாகப் படித்தது. ஆனால் ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும், எது எதைப் படிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு இருப்பது நல்லது.

அடுத்தது குளிப்பாட்டல். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவி அலசல். துடைக்க அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. சிடியில் தகவல் ஒரே நீளச் சுருளாகப் பதிந்திருக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் கெடுக்கும், அதைத் திருத்திக்கொள்ளும் கணக்கு சிடிக்குள்ளேயே இருக்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் மீட்டுவிடும். வட்டக் கீறலோ பாதையோடு சேர்ந்தே ஓடும், அதை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம். உண்மையில் சிடியின் உயிர் இருப்பது படம் அச்சடித்த மேல்பக்கத்தில். கீழே ஒரு மில்லிமீட்டருக்குமேல் பிளாஸ்டிக் இருக்கிறது, கீறினாலும் தேய்த்துச் சரி செய்யலாம். மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் வார்னிஷ், அதன்மேல் மை. அவ்வளவுதான். அந்தப் பக்கம் நகம் பட்டு உரிந்தால் தகவலே உரிந்து வருகிறது. டிவிடியில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பூச்சை வைத்து ஒட்டியிருப்பார்கள். அதில் பசை கெட்டுப்போவதுதான் வியாதி.

குளித்துத் துடைத்த ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நல்ல சிடியில் வெளிச்சம் மங்கலாக, ஒரே சீராகத் தெரியும். பூச்சு அரித்த சிடியில் ஊசி குத்தியதுபோல ஒளிப் புள்ளிகள் தெரியும். 58 விசிடிப் படங்களில் ஒன்பதில் நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்று அம்மா படத்தின் மூன்றாவது சிடி. நடுவிலிருந்து அளந்தால் சுமார் 4.1 சென்டிமீட்டரில் ஒரு கொத்து.

சரி, முதல் சிடியில் தொடங்குவோம் என்று போட்டேன். என் கணினியில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ். சிடிக்குள் போனால் வழக்கமான அடைவுகள், ‘எம்பெக்ஏவி’ என்ற அடைவுக்குள் ஒரே ஒரு பெரிய ‘டாட்’ கோப்பு. இழுத்துப் போட்டால் நகல் ஆகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு நொடியில் ‘உள்ளீட்டுப் பிழை’. கிழட்டு டிரைவிலும் அதே. சிடி போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் எந்தக் கீறலும் இல்லாத, பிளாஸ்டிக்கூடப் பிரிக்காத ஒரு விசிடியைப் போட்டாலும் அதே பிழை வந்தது. அப்போதுதான் குறை சிடியில் இல்லை என்று உறைத்தது.

விஷயம் இதுதான். கணினிக் கோப்புகள் பதியும் சிடியில் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் 2,048 பைட் தகவல், மிச்ச இடம் பிழை திருத்தத்துக்கு. 1993-ல் விசிடியை வகுத்தவர்கள், படத்தில் ஒரு புள்ளி தப்பினால் குடி முழுகாது என்று அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தைக் கழற்றிவிட்டு, கட்டத்துக்கு 2,324 பைட் படத்துக்கே கொடுத்தார்கள். அப்படித்தான் 74 நிமிடப் படத்தை ஒரு சிடிக்குள் திணிக்க முடிந்தது. லினக்ஸ் அதைச் சாதாரணக் கோப்பு என்று நினைத்து 2,048 கணக்கில் படிக்கப் போய் முட்டிக்கொள்கிறது. விண்டோஸில் இந்தச் சிக்கல் வராது, இழுத்துப் போட்டாலே நகலாகும். லினக்ஸில் ‘விசிடி இமேஜர்’ தொகுப்போடு வரும் ‘விசிடி எக்ஸ் ரிப்’ என்ற நிரல் வேண்டும். அதை நிறுவி ஓட்டியதும் ஐந்தே நிமிடத்தில் முதல் சிடி, 61 நிமிடம், ஒரு சுத்தமான எம்பெக் வீடியோ கோப்பாக வந்து விழுந்தது. இரண்டாவது சிடி, 58 நிமிடம், அதுவும் வந்தது.

மூன்றாவது 49 நிமிடம். 29-வது நிமிடத்தில் நின்றது.

நின்றதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷமும் இருந்தது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். நடுவிலிருந்து 2.5 சென்டிமீட்டரில் தொடங்கி 5.8-ல் 74 நிமிடம் முடிகிறது என்றால், 4.1-ல் இருக்கும் ஓட்டை எந்த நிமிடத்தில் வரும்? வட்டப் பரப்புக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 29 என்றே வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சந்தோஷம் அதோடு சரி. என்னென்னவோ செய்து பார்த்தேன். டிரைவின் வேகத்தை நாலு மடங்குக்குக் குறைத்தேன், நிதானமாகச் சுற்றினால் சில சிடிகள் படிக்கும். இது படிக்கவில்லை. ‘எம்பிளேயர்’ என்ற பழைய பிளேயரில் ஓடுவதை அப்படியே கோப்பில் கொட்டும் வசதி உண்டு. விசிடியில் முதல் தடம் வெறும் விவரம், படம் இரண்டாவது தடத்தில்தான் இருக்கும், அதைக் கொட்டச் சொன்னேன். 29 வரை வந்து அதுவும் நின்றது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லி அண்ணன் போனில் வைத்தியம் சொன்னான். அது கீழ்ப்பக்கக் கீறலுக்கு. பூச்சே இல்லாத இடத்தில் எதைத் தேய்ப்பது? குதித்துத் தாண்டி 33-வது நிமிடத்திலிருந்து மீதியை எடுக்க முடிந்தது. நடுவில் நாலு நிமிடம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அந்த நாலு நிமிடத்தில்தான் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்களாம். அந்த இடம் இல்லாமல் எதற்குப் படம்?

அதை அப்படியே ஓரம் வைத்துவிட்டு டிவிடிகளுக்குப் போனேன். 46-ல் 39 எந்தத் தகராறும் இல்லாமல் முழு நகலாக வந்துவிட்டன. மீதி ஏழுக்கு ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவச நிரல். இதைச் செய்தவருக்குக் கோயில் கட்டலாம். சாதாரண நகல் நிரல் பிழை வந்த இடத்திலேயே முட்டி முட்டி நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப் போய், நல்ல பகுதியை எல்லாம் முதலில் அள்ளிவிடும். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து கெட்ட இடத்தைச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பைக் கொண்டு பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். அதைவிட முக்கியமாக, சிடியைக் கழற்றி வேறு டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிவிடியில் ஒல்லி டிரைவ் 61 எம்பி மிச்சம் வைத்தது, கிழட்டு டிரைவ் அதை 9 ஆக்கியது, கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கச் சொன்னதும் ஒன்றரைக்கு வந்தது. இரண்டு ராத்திரி வேலை. அந்த ஒன்றரை எம்பி, சண்டைக் காட்சியில் கண் சிமிட்டும் நேரத்துக்குச் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்கு அது போதும்.

ஐந்து டிவிடிகளில் நகலெடுக்க விடாத பூட்டு இருந்தது. பூட்டென்றால் 40 பிட் சாவி, 1999-லேயே உடைபட்டுவிட்ட பழைய பூட்டு. நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதை அந்தப் பிரிவு தடுக்காது என்றும் அதிலேயே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்கு 52-ம் பிரிவு இடம் தருகிறது. இதையெல்லாம் சேர்த்து நான் எனக்குப் புரிந்தபடி நடந்துகொண்டேன்: எங்கள் வீட்டுத் தகடு, எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க், யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரு படம் கேட்ட மைத்துனனுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொண்டான்.

ராத்திரி டிரைவ் கரகரத்துக்கொண்டிருக்கும்போது வேறு வேலை இல்லாமல், எனக்கு நடந்தது வேறு யாருக்கெல்லாம் நடந்திருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ‘அல்ட்ராவயலட்’ என்று ஒன்று இருந்தது. 2011-ல் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து தொடங்கியது. டிஸ்க் வாங்கினால் கூடவே ஒரு குறியீடு வரும், அதைப் பதிந்தால் அந்தப் படம் உங்கள் இணைய அலமாரியில் என்றைக்கும் இருக்கும் என்பது பேச்சு. 2019 ஜூலை 31-ல் அலமாரியையே மூடிவிட்டார்கள். தங்கள் கணக்கை வேறு கடைகளோடு முன்பே இணைத்து வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் படங்கள் தப்பின. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டுடியோகனால் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்களை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு 2022 ஆகஸ்ட் 31-லிருந்து அவை கிடையாது என்று சோனி அறிவித்தது. 2023 கடைசியில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் அதே அறிவிப்பு வந்தது. பெரிய கூச்சல் எழுந்து, புது ஒப்பந்தம் போட்டு, அந்த நீக்கத்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். கலிபோர்னியாவில் இதற்காகவே ஒரு சட்டம் வந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று பளிச்சென்று சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இணையம் இல்லாமலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கிக் கொடுத்துவிட்டால் இந்தக் கட்டாயம் கிடையாது. அதாவது பொருளைக் கையில் கொடுத்தால் ‘வாங்கு’ என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா எழுதிய சட்டம் மாதிரி இருந்தது.

டிஸ்க் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. 2006-லிருந்து 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்று வார்னர் நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. 2001-ல் பெலீஸ் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் இருந்த ஒரு சிடியின் பூச்சைப் பூஞ்சை தின்றதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரண் பெலீஸுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அப்பா 2003-ல் வீட்டில் எழுதிய அக்கா கல்யாண சிடி இரண்டும் முழுக்கப் போய்விட்டன. எழுதும் சிடியில் தகவலைத் தாங்குவது சாயம், அச்சடித்த சிடியைவிட அது சீக்கிரம் வெளுக்கும். கல்யாணத்தை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது என்பதால், நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் எழுதின சிடிகளிலிருந்து தொடங்குங்கள். நான் கடைசியில்தான் அவற்றைத் தொட்டேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை இந்த இரண்டு மாதமும் விரல் நுனியில் உணர்ந்தேன். சிடி கெட்டால் நான் கழுவலாம், டிரைவை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், கணக்குப் போடலாம், தோற்கலாம். சாம்பல் நிறமான அந்தப் போஸ்டரை வைத்துக்கொண்டு நான் செய்ய முடிந்தது அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்வது மட்டும்தான். கடையின் விதிமுறைகளை இந்தமுறை கடைசிவரை படித்தேன். கணக்கை யாருக்கும் மாற்றித் தர முடியாது என்று ஒரு வரி இருந்தது. பச்சைப் பெட்டி யாருடைய அனுமதியும் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் புதுக்கோட்டை போனோம், சித்தி வீட்டுக்கு. பேச்சுவாக்கில் அம்மா தன் படம் போன கதையைச் சொல்ல, சித்தி, “எங்ககிட்டயும் இருக்குமேக்கா, மாமா வாங்கும்போது எனக்கும் ஒண்ணு சேர்த்துத்தானே வாங்கினாரு” என்றார். நான் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்தேன். டிவி மேசைக்குக் கீழ் அறையில், பேரன் உடைத்த பொம்மைகளுக்கு நடுவே, அதே உறை. உள்ளே மூன்று சிடி. மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு நட்சத்திரம் இல்லை. திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பக்கம், நடு ஓட்டைக்குப் பக்கத்தில், யாரோ இட்லித் தட்டாகப் பயன்படுத்தியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல். பேரன்தான்.

“எடுத்துட்டுப் போப்பா. ஆனா திருப்பிக் கொண்டாந்து குடுத்துரணும்” என்றார் சித்தி. அவர் வீட்டில் பிளேயர் ரிப்பேராகி ஆறு வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது, இரண்டும் ஒரே அச்சில் வந்தவையா என்று. சிடியின் நடு ஓட்டையைச் சுற்றி, கண்ணாடி மாதிரி இருக்கும் வளையத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பூதக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டிலும் ஒரே எண். கோப்பின் அளவும் பைட் பைட்டாக ஒன்றுதான், 512 எம்பி. சித்தியின் சிடியில் முதல் எட்டு நிமிடம் பல்லாங்குழிபோல் ஆங்காங்கே கட்டங்கள், அதற்கப்புறம் கடைசிவரை சுத்தம். எங்களுடையதில் முதல் 29 நிமிடம் சுத்தம். எட்டுக்கும் 29-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டுப் போடலாம்.

ஒட்டுவதற்கு ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற நிரல். மறுபடி சுருக்காமல், இருக்கும் தகவலை அப்படியே வெட்டி ஒட்டச் சொல்ல வேண்டும். மறுபடி சுருக்கினால் ஏற்கெனவே மெழுகு பூசினதுபோல் இருக்கும் விசிடிப் படம் இன்னும் உருகிவிடும். எம்பெக்கில் எல்லாச் சட்டகமும் (ஃபிரேம்) முழுப் படம் இல்லை. சுமார் அரை நொடிக்கு ஒன்றுதான் முழுசு, நடுவில் உள்ளவை முன்பின் சட்டகத்திலிருந்து மாறியது என்ன என்ற குறிப்பு மட்டும். ஆகவே முழுச் சட்டகத்தில்தான் வெட்ட வேண்டும். முதல் தடவை 15-வது நிமிடத்தில் ஒரு வசனத்தின் நடுவே வெட்டித் தொலைத்தேன், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போனது. இரண்டாவது தடவை 24-வது நிமிடம் 10-வது நொடியில், காட்சி முடிந்து திரை இருளும் இடத்தில் வெட்டினேன். ஒட்டினேன். நேரக் குறிகள் குழம்பி பிளேயர் ஒரு கணம் திணறியது. இரண்டு துண்டையும் தனித்தனியே எம்கேவி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டியதும் சரியானது. ஒட்டின இடத்தில் ஒரு சின்ன ‘டப்’ ஒலி. எத்தனை முயன்றும் அது போகவில்லை, விட்டுவிட்டேன்.

அன்று மாலை அம்மாவுக்கு 43 அங்குல டிவியில் முழுப் படமும் போட்டேன். நேர்மையாகச் சொன்னால் இணையக் கடையில் இருந்த பிரதி இதைவிடப் பல மடங்கு அழகு. அது சுத்தம் செய்து 1080-ல் ஏற்றியது. விசிடி என்பது 352-க்கு 288 புள்ளி, நாயகியின் புடவைக் கரை தெரியாது, கூட்டக் காட்சியில் முகங்களெல்லாம் தாயக்கட்டை. அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் மென்பொருள்களையும் முயன்றேன். எல்லாருக்கும் பிளாஸ்டிக் தோல் வந்தது, அழித்துவிட்டேன்.

இரண்டாவது சிடியில் ஒரு பாட்டு வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது அதுல வரலைடா.” எதில் என்றேன். “நீ வாங்கினதுல. இந்தப் பாட்டைக் காணோம்னு அப்பவே நெனச்சேன். எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு விட்டுட்டேன்.” யார், எங்கே வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை, ஒப்பிட்டுப் பார்க்கக் கடையின் பிரதிதான் இல்லையே.

சேமிப்பு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசிடிகள் எல்லாம் சேர்ந்து 80 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், டிவிடிகள் 210-க்குப் பக்கம். 1 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று வீட்டில், ஒன்று கோயம்புத்தூரில் தங்கை வீட்டில், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகக் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். ஹார்டு டிஸ்கும் சத்தமில்லாமல் கெடும், திறந்து பார்க்காதவரை தெரியாது. வருஷம் ஒருமுறை அந்த எண்களை ஓட்டிப் பார்க்க நாள் குறித்தாயிற்று: ஆயுத பூஜை. டிரைவுகளுக்கு எப்படியும் பொட்டு வைக்கத்தான் போகிறோம். கோப்புப் பெயர்களில் அப்பா எழுதிய தேதியையும் விலையையும் ஊரையும் சேர்த்திருக்கிறேன், உறைகளையும் ஸ்கேன் செய்து வைத்தேன். சிடிகளைத் தூக்கிப் போடவில்லை. பரணிலிருந்து மட்டும் இறக்கி, புது உறை போட்டு, நிமிர்த்து அடுக்கி மர அலமாரியில் வைத்தாயிற்று.

104-ல் மொத்தம் ஆறு படம் தேறவில்லை. அவற்றின் வளைய எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் டிவி மேசைக்குக் கீழ் குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

கடையில் அந்த 150 ரூபாய் வரவு இன்னும் அப்படியே இருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி என்று போன வாரம் மின்னஞ்சல் வந்தது.

நேற்று சித்தி போன் செய்தார். நலம் விசாரித்து, பேரன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசி முடித்து வைக்கப் போகும்போது, “அந்த சிடி மூணும் பத்திரமா இருக்குல்ல?” என்றார். பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் சித்தி, டிவியிலேயே செருகிப் பார்க்கலாம், உங்களிடம் பிளேயர்கூட இல்லையே என்றேன். அதையும் குடு, இதையும் குடு என்றார். பங்குனியில் புதுக்கோட்டை போகும்போது எடுத்துப் போக வேண்டும்.